பேரீச்சம்பழத்துக்குப் போகாத இரும்பு

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. இதழில் போட வேண்டும் என்று கேட்டதால், பேச்சில் விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)



விடுமுறையில் எல்லோருமாகச் சேர்ந்து ஒருநாள் எங்காவது போய்வரலாம் என்று பேச்சு வந்தபோது, திருச்சி ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். உடனே ஒரு தம்பி, "அங்க என்ன சார் இருக்கு, எல்லாம் பழைய இரும்புதானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் செயலாளர் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். வங்கியில் காலம் முழுக்கக் கூட்டல் கழித்தல் போட்டவன் நான். எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பதையும் கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பழைய இரும்பிலிருந்தே தொடங்குகிறேன். நான் பி.காம். படித்தவன். எங்கள் பாடத்தில் தேய்மானம் என்று ஓர் அத்தியாயம் உண்டு. லட்ச ரூபாய் போட்டு ஓர் இயந்திரம் வாங்கினால் வருஷத்துக்கு இவ்வளவு என்று அதன் மதிப்பைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் ஏட்டில் நிற்பது கழிவு மதிப்பு மட்டும்தான். சில கம்பெனிக் கணக்குகளில் வெறும் ஒரு ரூபாய் என்று நிற்கும். அந்த ஒரு ரூபாய் எதற்கென்றால், பொருள் இன்னும் கண்ணெதிரே இருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். அதற்கடுத்த கட்டம் ஏலம். ஏலம் எடுத்தவர் காஸ் வைத்து வெட்டி லாரியில் ஏற்றிப் போய்விடுவார். நம் தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர்கள் செய்ததும் இதே வியாபாரம்தான், அளவுதான் வேறு.

ரயில்வேயில் இது மிகப் பெரிய அளவில் நடந்தது. நம் உடையார்பாளையத்துக்கு ரயில் கிடையாது. பஸ் பிடித்து அரியலூர் போய்த்தான் ஏற வேண்டும். அந்த அரியலூர் வழியாகப் போகும் விழுப்புரம் - திருச்சி கார்டு லைன், 1990களின் பிற்பகுதி வரைக்கும் மீட்டர் கேஜ். தண்டவாளத்துக்குத் தண்டவாளம் 1,000 மில்லிமீட்டர்தான் இடைவெளி. இப்போது ஓடுவது அகலப்பாதை, 1,676 மில்லிமீட்டர். பாதையை அகலமாக்கினால் பழைய இன்ஜின், பெட்டி, சக்கரம் எதுவும் புதுப் பாதைக்கு ஒத்துவராது. தமிழ்நாட்டின் தென்பாதியில் பெரும்பாலும் மீட்டர் கேஜ்தான் ஓடியது. அத்தனையும் எங்கே போயிற்று? பெரும்பாலும் உருக்காலைக்குத்தான். மிஞ்சியிருப்பது, யாரோ ஒருவர் ஏலப் பட்டியல் போடும் முன்னால் "இது மட்டும் இருக்கட்டும்" என்று தனியாக எடுத்து வைத்தது.

திருச்சியில் இந்த அருங்காட்சியகம் இருப்பதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்து ரயில் நாகப்பட்டினத்தில் பிறந்தது. 1860களின் தொடக்கத்தில் அங்கிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் பாதை போட்டார்கள். 1874இல் சவுத் இந்தியன் ரயில்வே என்ற கம்பெனி வந்தது. நம் தாத்தாக்கள் எஸ்.ஐ.ஆர். என்று சொன்னார்களே, அதுதான். அதன் பெரிய பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் பொன்மலைக்கு மாறியது. கம்பெனியின் தலைமையகமும் திருச்சிதான். 1951 ஏப்ரல் 14ஆம் தேதி எஸ்.ஐ.ஆர்., மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா, மைசூர் ரயில்வே மூன்றையும் சேர்த்துத் தெற்கு ரயில்வே ஆக்கும் வரை, தென்னாட்டு ரயிலின் மூளையும் கையும் காவிரிக்கரையில்தான் இருந்தன. மூளை சென்னைக்குப் போய்விட்டது, கை இன்னும் பொன்மலையில் இருக்கிறது என்று அங்கே வேலை பார்த்த என் உறவினர் ஒருவர் சொல்வார். பொன்மலைக்காரர்களுக்கு அந்தப் பெருமை கொஞ்சம் அதிகம்தான்.

அருங்காட்சியகம் 2014இல் திறந்தது. ஜங்ஷன் பக்கத்தில், ரயில் கல்யாண மண்டபத்தை ஒட்டி இருக்கிறது. பெரிய இடம் என்று எதிர்பார்த்து வராதீர்கள். டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு மூலை. சென்னையில் பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கம் 2002இல் திறந்தது கூட இதைவிடப் பெரிது. உள்ளே பழைய கடிகாரங்கள், மணிகள், கைவிளக்குகள், பித்தளை வில்லைகள், பீங்கான் பாத்திரங்கள், புகைப்படங்கள். வெளியே நீராவி இன்ஜின். சிறிய இடமாக இருப்பதில் ஒரு வசதி, ஒவ்வொரு பொருளின் முன்னாலும் நின்று பார்க்க நேரம் கிடைக்கும்.

ரயில் அருங்காட்சியகம் எதற்குப் போனாலும் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு பொருளை. நீல்ஸ் டோக்கன் கருவி. ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் சிவப்புப் பெட்டியாக நிற்குமே, அது. பிள்ளைகள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

ஒற்றைப் பாதை. இந்தப் பக்கமிருந்து ஒரு வண்டி, அந்தப் பக்கமிருந்து ஒரு வண்டி. இரண்டும் நடுவில் மோதாமல் இருக்க என்ன வழி? இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் போனில் பேசி முடிவு செய்யலாம். ஆனால் மனிதன் மறப்பான், தூங்குவான், காதில் தப்பாக விழும். அதனால் இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு பெட்டியை வைத்து, இரண்டையும் மின்கம்பியால் இணைத்தார்கள். பெட்டிக்குள் இரும்பு உருண்டைகள். எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் செல்லும் என்று அந்த உருண்டையிலேயே பொறித்திருக்கும். இந்த ஸ்டேஷன்காரர் உருண்டையை எடுக்க வேண்டுமென்றால், அடுத்த ஸ்டேஷன்காரர் மணியடித்துச் சம்மதம் கொடுத்துத் தன் பெட்டியிலிருந்து மின்சாரம் அனுப்ப வேண்டும். ஓர் உருண்டை வெளியே வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு பக்கப் பெட்டிக்குள் திரும்பப் போகும் வரை, இரண்டு பெட்டியிலும் வேறு எந்த உருண்டையும் வெளியே வராது. தலைகீழாக நின்றாலும் வராது. உருண்டை கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். ஆக, அந்த இரண்டு ஊருக்கு நடுவில் ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் இருக்க முடியும்.

நிற்காத வண்டிக்கு எப்படிக் கொடுப்பது? பெரிய வளையத்தில் ஒரு தோல்பையைக் கட்டி, உருண்டையை அதற்குள் போட்டு, பிளாட்பாரத்தில் ஒருவர் வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். வண்டி வேகமாக வரும். இன்ஜினில் இருப்பவர் கையை நீட்டி, வளையத்துக்குள் முழங்கையைக் கொடுத்து லாவகமாக அள்ளிக்கொள்வார். முந்தைய ஸ்டேஷன் வளையத்தை அதே நேரத்தில் கீழே எறிவார். என் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் ஜன்னல் வழியே இதைப் பார்த்திருப்பீர்கள். ராத்திரியிலும் மழையிலும் இதையே செய்தார்கள். வங்கியில் எங்கள் லாக்கர் அறைக்கு இரண்டு சாவி, இருவர் சேர்ந்தால்தான் திறக்கும். அந்த ஏற்பாட்டைப் பெரிய பாதுகாப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். சில கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் இருவர் சேர்ந்து ஒரு பூட்டைத் திறப்பதை எஸ்.ஐ.ஆர். காலத்து ஆள் தினம் முப்பது தடவை செய்திருப்பார்.

இப்போது சொல்லுங்கள், அந்தப் பெட்டி பழைய இரும்புதானா? எடை போட்டால் பழைய இரும்புதான். ஆனால் அதை வெறும் பெட்டியாக வைத்தால் நாளைக்குப் பிறக்கும் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. இரண்டு பெட்டியை வைத்து, கம்பியால் இணைத்து, ஒன்றை அழுத்தினால் இன்னொன்றில் மணி அடிக்கும்படி செய்து காட்டினால், ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரிந்துவிடும். சீரமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான். நம் நாட்டில் பல இடங்களில் சீரமைப்பு என்றால் ஒரு டப்பா பெயின்ட் வாங்கி எல்லாவற்றுக்கும் மேல் பூசிவிடுவது. இன்ஜினின் எண் பலகையில் பொறித்த எழுத்தையும், எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்பதையும் சேர்த்துப் பூசிவிடுவார்கள். பளபளவென்று இருக்கும், ஆனால் படிக்க ஒன்றும் இருக்காது. எனக்கு அதைப் பார்த்தால் கோபம் வரும்.

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. இ.ஐ.ஆர். 21 என்று ஓர் இன்ஜின். 1855இல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் கட்டியது. 1909 வரை கிழக்கிந்திய ரயில்வேயில் உழைத்துவிட்டு, அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் ஜமால்பூரிலும் ஹௌராவிலும் பார்வைப் பொருளாக அசையாமல் நின்றது. 2010இல் சென்னை பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள் அதை எடுத்து, பிரித்துப் போட்டு, இல்லாத பாகங்களைத் தாங்களே செய்து பூட்டி, அந்த ஆண்டு சுதந்திர தினத்தன்று ஓட வைத்தார்கள். 1855 என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயம் ஞாபகம் வர வேண்டும். உ.வே.சாமிநாதையர் பிறந்த வருஷமும் அதுவே. அவர் தகப்பனார் காலத்திலிருந்து உடையார்பாளையம் சமஸ்தானத்தோடு தொடர்புள்ள குடும்பம். செல்லரித்த ஏட்டை வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி அவர் அச்சில் ஏற்றியிராவிட்டால் நம்மிடம் எத்தனை நூல்கள் இருந்திருக்கும்? சரி, ரயிலுக்கு வருகிறேன்.

பொன்மலைக் கதை இன்னும் சுவாரஸ்யம். மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயிலை எல்லோருக்கும் தெரியும். 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னத்தில் சேர்த்தது. கல்லாறு முதல் குன்னூர் வரை, தண்டவாளத்துக்கு நடுவில் பல் சட்டம் போட்டு, அதைப் பல்சக்கரத்தால் பிடித்து ஏறும் எக்ஸ் வகை இன்ஜின்கள். அவற்றைச் செய்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் கம்பெனி. வயதாகி அவை ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பொன்மலைக்காரர்கள் தாங்களே செய்தார்கள். 2011இல் எண்ணெயில் ஓடும் புது நீராவி இன்ஜின் அங்கிருந்து வந்தது. அதற்குப் பத்து வருஷம் கழித்து நிலக்கரியில் ஓடுவதையும் செய்துவிட்டார்கள். இருபத்தோராம் நூற்றாண்டில் புத்தம்புது நீராவி இன்ஜின்! பழைய வரைபடத்தைத் தூக்கிப் போட்டிருந்தால், கொதிகலன் வேலை தெரிந்த பெரியவர்கள் சின்னவர்களுக்குக் கைமாற்றாமல் ஓய்வு பெற்றிருந்தால், இது நடந்திருக்காது.

இவர்கள் எல்லாம் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள்தானே, நம்மைப் போன்றவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று பஞ்சாபில். பாட்டியாலா மகாராஜா காலத்தில், 1907இல், ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ஒரு ரயில் விட்டார்கள். பெட்டியின் எடையில் பெரும்பகுதி அந்த ஒற்றைத் தண்டவாளத்தில். சாயாமல் இருக்க ஓரத்தில் ஒரு பெரிய சக்கரம் சாலையிலேயே உருண்டுகொண்டு வரும். மோட்டார் வண்டிகள் வந்தபின் 1927இல் அதை மூடிவிட்டார்கள். இன்ஜின்கள் பொதுப்பணித் துறைக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தன. முப்பத்தைந்து வருஷம் எவரும் சீந்தவில்லை. 1962இல் மைக் சாடோ என்ற ஆங்கிலேயர் அதைக் கண்டுபிடித்தார். அவர் ரயில்வேக்காரர் இல்லை. ஐ.சி.ஐ. என்ற ரசாயனக் கம்பெனியின் அதிகாரியாக இந்தியாவில் இருந்தவர். ஓய்வு நேரத்தில் பழைய இன்ஜின்களைத் தேடிப் போவது அவர் பித்து. பிறகு அமிர்தசரஸ் ரயில் பணிமனையில் அதைச் சீர்செய்து டெல்லிக்குக் கொண்டுவந்தார்கள். 1977இல் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகம் உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஒருவர் ஒரு கொட்டகையின் கதவைத் திறந்து பார்த்ததால் நடந்தது இது.

இன்னொன்று வேல்ஸ் நாட்டில். அங்கே கடலோரத்தில் டவின் என்று ஒரு சின்ன ஊர். மலையிலிருந்து கூரைக் கற்பலகை ஏற்றி வர 1860களில் போட்ட குட்டி ரயில், பெயர் டாலிலின். 1950இல் அதன் சொந்தக்காரர் இறந்ததும் மூட வேண்டிய நிலை. ரோல்ட் என்ற எழுத்தாளர் பர்மிங்காமில் ஒரு கூட்டம் போட்டார். நாமே எடுத்து நடத்துவோம் என்று முடிவு செய்து, 1951 மே மாதம் வண்டியை ஓட்டியும் விட்டார்கள். தன்னார்வலர்கள் எடுத்து நடத்திய முதல் ரயில் உலகத்திலேயே அதுதான். ஓடுகிற நிலையில் ஒரே ஓர் இன்ஜின். பக்கத்தில் மூடிப்போன இன்னொரு ரயிலிலிருந்து இரண்டு இன்ஜின்களைத் தலா 25 பவுண்டுக்கு வாங்கினார்கள். பழைய இரும்பு விலை! இரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன. புல் செதுக்குவது, டிக்கெட் கிழிப்பது, துரு சுரண்டுவது எல்லாம் விடுமுறைக்கு வந்த வெளியூர்க்காரர்கள். அந்த ஸ்டேஷனிலேயே ஒரு சிறிய அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. நீங்கள் கார்ட்டூனில் பார்க்கும் தாமஸ் இன்ஜினின் கதைகளை எழுதிய ஆட்ரி பாதிரியார் அங்கே தன்னார்வலராக வேலை பார்த்தவர். ஒருநாள் கார்டாக இருந்தபோது, சிற்றுண்டிக்கடை அம்மாவை ஏற்றாமலே பச்சைக்கொடி காட்டிவிட்டார். அதையும் விடாமல் ஒரு கதையாக எழுதிவிட்டார்.

இனி நம் குடியிருப்புக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

நம்மில் பலர் பெரிய ஓட்டு வீட்டை விட்டுவிட்டு இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வந்தவர்கள். சாமான் வைக்க இடமில்லை. அப்பா, மாமனார் காலத்துப் பெட்டிகள் பரணில் கிடக்கின்றன. நம் குடியிருப்பிலேயே ரயில்வே குடும்பங்கள் உண்டு. சென்ற வருஷம் ஒரு வீட்டைக் காலி செய்தபோது, கார்டு கைவிளக்கு ஒன்று கழிவுச் சாமானோடு வாசலில் கிடந்தது. மண்ணெண்ணெய் விளக்கு, மேல்பாகத்தைத் திருகினால் சிவப்பு, பச்சை, வெள்ளை என்று கண்ணாடி மாறும். அந்த வீட்டு அக்காவிடம் கேட்டேன். "அவர் போனப்புறம் அத வச்சு என்ன பண்றது சார்" என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதை எங்கே கொடுப்பது, யார் வாங்கிக்கொள்வார்கள் என்று அவரிடம் அதுவரை யாருமே சொன்னதில்லை. நல்லவேளை, அவருடைய பேரன் அதை எடுத்து வைத்துக்கொண்டான்.

அப்படி உங்கள் வீட்டில் ஏதாவது இருந்தால் சில வார்த்தைகள். பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய எழுத்தும் முத்திரையும் தேய்ந்துபோகும். ஈரமில்லாத துணியால் துடைத்தால் போதும். பழைய காகிதத்துக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் வேண்டாம், இரண்டையும் திரும்ப எடுக்கவே முடியாது. போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக, யார் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதுங்கள். பேனா கூடாது, மை முன்பக்கம் ஊறும். எந்தப் பொருளையும் பிரித்துப் பார்க்கும் முன் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். முக்கியமாக, அதை வைத்து அவர் என்ன வேலை செய்தார் என்பதை அரைப் பக்கம் எழுதி அதோடு கட்டி வையுங்கள். அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் கடிதத்தோடு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இதை வங்கிக்காரனாகச் சொல்கிறேன்.

பொருள் எதுவும் இல்லாதவர்களிடமும் ஒன்று இருக்கலாம். 1956 நவம்பர் 23ஆம் தேதி விடியற்காலையில் அரியலூர் பக்கத்தில் மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். பொது அறிவுப் புத்தகத்தில் இந்த ராஜினாமா ஒரு வரியாக வரும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள், ஆனால் அது நடந்தது நம் மாவட்டத்தில் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அன்றைக்கு மழையில் ஓடிப்போய் உதவியவர்கள், பார்த்தவர்கள், வீட்டில் பேசக் கேட்டவர்கள் என்று எண்பதைத் தொட்டவர்கள் இன்னும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய ஒரு செல்போன் போதும். கல்லூரி படிக்கும் நம் பிள்ளைகள் நாலு பேர் முன்வந்தால், நான் கூட வருகிறேன். யாரைப் பார்க்கலாம் என்று ஒரு பட்டியல் போடத் தொடங்கியிருக்கிறேன், இதுவரை ஆறு பேர். அதில் இரண்டு பேருக்கு உடம்பு சரியில்லை. அதனால் மழைக்காலம் முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

பயண விவரம். காலை ஆறு மணிக்கு இங்கிருந்து வேன். அரியலூர் வரை வேனில் போய், அங்கிருந்து ரயிலில் போக வேண்டும் என்பது என் கட்சி. ரயிலைப் பார்க்கப் போவதற்கு ரயிலில்தான் போக வேண்டும். வேனிலேயே போய்விடலாம் என்று ஒரு கட்சி இருக்கிறது, கை தூக்கி முடிவு செய்துகொள்ளலாம். அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முதல் வாரமே போன் செய்து கேட்டுவிடுவேன். மதியச் சாப்பாடு கட்டுச்சோறு, புளியோதரையும் தயிர்சாதமும். சாயங்காலம் ஸ்ரீரங்கம் போக வேண்டும் என்று அம்மாமார்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதாகக் கேள்வி, அதில் நான் தலையிடவில்லை. வருகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். வீட்டில் ரயில்வே சாமான் ஏதாவது இருப்பவர்கள் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறேன்.